முக்காலே அரைக்கால் அங்குலம் எங்கே போனது?

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். துண்டுத் துணிகளைச் சேர்த்துத் தைக்கும் குயில்ட் என்ற போர்வையின் பழைய கட்டங்களைப் புது மாதிரி அடுக்கித் தைப்பது பற்றி உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையை மகள் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து கைப்பேசியில் படித்தேன். நம் ஊர்ப் பத்திரிகை இதற்கெல்லாம் அரைப் பக்கம் ஒதுக்கியிருக்கிறதே என்று ஒரே சந்தோஷம். கீழே போட்டிருந்த அளவுப் பட்டியல் வரைக்கும்தான் அது நீடித்தது.

நான் பாளையங்கோட்டையில் ஒரு பெண்கள் பள்ளியில் 31 வருடம் தையல் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். இப்போது வருடத்தில் ஆறு மாதம் அமெரிக்காவில், நெப்ராஸ்கா மாநிலத்தின் லிங்கன் நகரத்தில் மகளோடு இருக்கிறேன். சோளக்காட்டுக்கு நடுவே இருக்கும் இந்த ஊரில் குயில்ட்டுக்கென்றே ஒரு பெரிய அருங்காட்சியகம் இருக்கிறது. பனிக்காலத்தில் வெளியே தலைகாட்ட முடியாது. வியாழக்கிழமைகளில் நூலகத்தில் கூடித் தைக்கும் பெண்களோடு நானும் சேர்ந்துகொண்டேன். மூன்று குளிர்காலம், மூன்று குயில்ட். அவ்வளவுதான் என் தகுதி.

முதலில் அளவு. சர்ன் டேஷ் என்ற பழைய கட்டம் வரிசைக்கு மூன்றாக ஒன்பது சதுரம் கொண்டது, நான்கு மூலைச் சதுரமும் இரண்டிரண்டு முக்கோணம் சேர்ந்தது. அதை 12 அங்குலத்தில் தைக்க, மூலை முக்கோணங்களுக்கு நாலரை அங்குலச் சதுரத்தைக் குறுக்கே வெட்டச் சொல்கிறது உங்கள் கட்டுரை. அது தப்பு. 4⅞ அங்குலம் வேண்டும். தைத்து முடிந்த பிறகு நிற்க வேண்டிய அளவு 4 அங்குலம். சதுரத்துண்டு என்றால் இரண்டு பக்கமும் தையலுக்குக் கால் கால் அங்குலம் விட்டால் போதும், நாலரை சரி. முக்கோணத்துக்குக் குறுக்கிலும் ஒரு தையல் வருகிறது. சாய்ந்து ஓடும் அந்தத் தையல் கால் அங்குலத்தோடு விடாது, கிட்டத்தட்ட காலே அரைக்கால் அங்குலத்தைத் தின்றுவிடும். அரையும் காலே அரைக்காலும் சேர்ந்தால் முக்காலே அரைக்கால், அதாவது ⅞. நான்கோடு அதைக் கூட்டித்தான் வெட்ட வேண்டும்.

எதற்கும் இருக்கட்டும் என்று அன்று ராத்திரியே நீங்கள் சொன்ன அளவில் ஒரு கட்டம் வெட்டித் தைத்துப் பார்த்தேன். நடு வரிசை, ஓரத் தையலுக்கு விட்டதையும் சேர்த்து, சரியாகப் பன்னிரண்டரை அங்குலம் வந்தது. மேல் வரிசையும் கீழ் வரிசையும் பதினொன்றே முக்கால். முக்கால் அங்குலத்தை இழுத்துப் பிடித்துத் தைக்க எந்த மிஷினாலும் முடியாது. உங்கள் வாசகிகளில் எத்தனை பேர் ஆசையாகத் துணி வாங்கி வெட்டிவிட்டு, நமக்குத்தான் கை வரவில்லை போல என்று மூலையில் சுருட்டிப் போட்டிருப்பார்களோ. அதை நினைத்துத்தான் இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்தேன்.

இரண்டாவது விஷயம் அளவை விடப் பெரியது. “புதிய பாணியில் பழைய கட்டங்களுக்கு வேலை இல்லை, அளவு பார்க்காமல் மனம்போனபடி தைப்பதே இதன் அழகு” என்று கட்டுரை முடிகிறது. அதை ஒப்புக்கொள்ள முடியவில்லை.

குயில்ட் தெரியாதவர்களுக்காக இரண்டு வரி. மேலே துண்டுத் துணிகளை ஒட்டித் தைத்த ஒரு பரப்பு, நடுவே பஞ்சு விரிப்பு, அடியில் ஒரு துணி, மூன்றையும் சேர்த்துப் பிடிக்கும் ஓட்டுத்தையல். இதுதான் குயில்ட். மேல் பரப்பைப் பெரும்பாலும் ஒரே அளவுள்ள சதுரச் சதுரமான கட்டங்களாகத் தைத்துச் சேர்ப்பார்கள். பண்ணை வீட்டுப் பெண்கள் கண்ணில் பட்டதையெல்லாம் கட்டத்துக்குப் பெயராக வைத்திருக்கிறார்கள். சர்ன் டேஷ் என்பது வெண்ணெய் கடையும் மத்து. அதே கட்டத்தை, ஸ்பானர் வகைக் கருவியான மங்க்கி ரெஞ்ச் என்றும் சொல்வார்கள், தானியக் களஞ்சியத்துக் கதவிலுள்ள ஓட்டை என்றும் சொல்வார்கள். யார் வீட்டில் எது பழுதாகிக் கிடந்ததோ அந்தப் பெயர் போலிருக்கிறது.

கட்டம் ஒன்றே, அடுக்குவதில்தான் விளையாட்டு என்பதும் பழைய சங்கதி. லாக் கேபின், அதாவது மரக்கட்டை வீடு, என்ற கட்டம் 1860-களிலேயே பரவிவிட்டது. நடுவே ஒரு சின்னச் சதுரம், பெரும்பாலும் சிவப்பு, வீட்டின் அடுப்பு நெருப்பாம். அதைச் சுற்றி நீளத் துண்டுகள். இரண்டு பக்கம் வெளிர் நிறம், இரண்டு பக்கம் அடர் நிறம். இந்த ஒரே கட்டத்தைத் திருப்பித் திருப்பி வைத்தால் ஒருமுறை நடுவிலிருந்து வைரம் வைரமாக விரியும். அதற்குப் பெயர் பார்ன் ரெய்சிங், களஞ்சியம் எழுப்புவது. இன்னொரு விதமாக வைத்தால் சாய்வாகக் கோடுகள் ஓடும். அது ஸ்ட்ரெயிட் ஃபர்ரோ, நம் வார்த்தையில் படைச்சால். புதிதாக ஒரு துண்டுகூட வெட்ட வேண்டாம். 150 வருடத்துக்கு முன்னால், படுக்கையில் கட்டங்களைப் பரப்பிவைத்துக்கொண்டு “இப்படி வைப்போமா, அப்படி வைப்போமா” என்று நின்ற பெண்களை விட நாம் ஒன்றும் பெரிய பரிசோதனைக்காரர்கள் இல்லை.

இங்குள்ள அருங்காட்சியகத்தில் பென்சில்வேனியாவின் லங்காஸ்டர் பகுதியில் வாழும் ஆமிஷ் என்ற கிறிஸ்தவப் பிரிவினரின் பழைய குயில்ட் ஒன்றைப் பார்த்தேன். பூ இல்லை, கோடு இல்லை, எல்லாம் ஒரே நிறக் கம்பளித் துணி. நடுவே பெரிதாக ஒரு வைரம், சுற்றிலும் வெறும் வெளி. போன வருடம் தைத்தது என்று சொன்னால் நம்பியிருப்பேன். 1971-ல் நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகத்தில் இந்த மாதிரிப் பழைய குயில்ட்டுகளைச் சட்டமிட்ட ஓவியங்கள் போலச் சுவரில் தொங்கவிட்டுக் காட்டினார்கள். அந்தத் தொகுப்பு இப்போது இந்த லிங்கன் நகரத்து அருங்காட்சியகத்திடம்தான் இருக்கிறது.

கட்டுரையில் ஒரு வரிகூட இடம் பெறாத ஊர் ஜீஸ் பெண்ட். அலபாமா மாநிலத்தில் மூன்று பக்கமும் ஆறு வளைத்துக்கொண்ட ஒரு சிற்றூர். பருத்தித் தோட்டத்தில் அடிமைகளாக உழைத்தவர்களின் வாரிசுகள் வாழும் இடம். தோட்ட முதலாளியின் பெயரான பெட்வே என்பதுதான் இன்றும் அங்கே பல குடும்பங்களின் பெயர். முழங்கால் தேய்ந்த ஜீன்ஸ், சாயம் போன வேலைச் சட்டை, கையில் கிடைத்ததையெல்லாம் கிழித்து அந்தப் பெண்கள் குயில்ட் தைத்தார்கள். அவர்களுக்குப் பிடித்த ஹவுஸ்டாப் என்ற கட்டம், நடுவே ஒரு சதுரமும் சுற்றிலும் துண்டுகளும் உள்ள பழைய கட்டம்தான். சிலர் அந்த ஒரே கட்டத்தைப் போர்வை முழுக்க வளரவிட்டார்கள். சிலர் நடுவை ஓரத்துக்குத் தள்ளினார்கள். 2002-ல் ஹூஸ்டனில் கண்காட்சி வைத்த பிறகுதான் வெளியுலகம் வாய் பிளந்தது. 2006-ல் அமெரிக்கத் தபால்துறை அந்தக் குயில்ட்டுகளை ஸ்டாம்பாகப் போட்டது. “மாடர்ன் குயில்ட்” என்று பெயர் வைத்துச் சங்கம் தொடங்கியதோ 2009-ல், லாஸ் ஏஞ்சலிஸில். சங்கத்தின் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. பழைய கட்டத்தைப் புது விதமாகக் கையாள்வதற்கு அவர்களே தனியாக ஒரு பெயர் கொடுத்து மரியாதை செய்கிறார்கள். அவர்களும் கைவிடாததை நம் கட்டுரையாளர் கைவிடச் சொல்கிறாரே என்றுதான் கேட்கிறேன்.

சரி, “அளவு பார்க்காமல்” என்பதற்கு வருகிறேன். இதை என் சொந்த அவமானத்திலிருந்தே சொல்ல முடியும்.

முதல் குயில்ட்டைப் பேரனுக்காகத் தைத்தேன். ஒன்பது சதுரம் சேர்ந்த எளிய கட்டம். வரிசையாக வைத்தால் சலிப்பாக இருக்கும் என்று கட்டங்களைச் சாய்த்து, முனை மேலே நிற்கும்படி வைத்தேன். நேர்ப்புள்ளிக் கோலத்துக்கும் ஊடுபுள்ளிக் கோலத்துக்கும் உள்ள வித்தியாசம்தான். (மகள் பார்த்துவிட்டு, “அம்மா, கோலம் மாதிரியே இருக்கு” என்றாள். புள்ளி வைக்கிற வரைக்கும் கோலம் மாதிரிதான். கோலத்தில் பிசகினால் காலால் தேய்த்துவிட்டு மறுபடி இழுக்கலாம். இதில் பிரித்துக்கொண்டு உட்கார வேண்டும்.) சாய்த்து வைத்தால் 12 அங்குலக் கட்டம் குறுக்கே 17 அங்குலம் ஆகிவிடும், ஓரமெல்லாம் பல் பல்லாக நிற்கும். அந்தப் பள்ளங்களை முக்கோணத் துணியால் நிரப்ப வேண்டும். நான் சதுரங்களை இரண்டாக வெட்டி முக்கோணம் செய்தேன். சதுரத்தை இரண்டாக வெட்டினால் முக்கோணத்தின் நீளப் பக்கம் கிராஸில், அதாவது நூலோட்டத்துக்குச் சாய்வாக, வந்துவிடும். அந்த நீளப் பக்கம்தான் போர்வையின் வெளி ஓரம்.

கிராஸ் கட்டிங் துணி இழுத்தால் வரும் என்று 31 வருடம் பெண் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தவள் நான். கிராஸ் பிளவுஸ் உடம்போடு ஏன் ஒட்டுகிறது என்று கரும்பலகையில் பாவும் ஊடையும் வரைந்து காட்டியவள். அந்த அறிவெல்லாம் அன்று எங்கே போனதோ! தைத்து முடித்து விரித்தால் நாலு ஓரமும் ஃப்ரில் வைத்த பாவாடை மாதிரி அலை அலையாக நின்றது. பெரிய சதுரமாக, 18¼ அங்குலத்துக்கு வெட்டி, அதை இரண்டு மூலைவாட்டிலும் குறுக்கே வெட்டி நான்கு முக்கோணம் ஆக்கியிருக்க வேண்டும். அப்போது நேர் நூல் வெளி ஓரத்தில் நிற்கும். பேரனுக்கு அந்த ஃப்ரில்தான் பிடித்திருக்கிறது. எனக்கு இன்றைக்கும் அதைப் பார்த்தால் உடம்பு கூசுகிறது.

இரண்டாவது குயில்ட்தான் இந்தக் கடிதத்துக்குக் காரணமானது. வியாழக்கிழமைக் கூட்டத்தில் எண்பது வயதைத் தாண்டிய ஒரு பாட்டி உண்டு. பண்ணையில் பிறந்து வளர்ந்தவர். ஒருநாள் பழைய பிஸ்கட் டின் ஒன்றைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். உள்ளே 12 சர்ன் டேஷ் கட்டங்கள். அவருடைய அம்மா தைத்து, சேர்க்காமலே விட்டுவிட்டுப் போனவை. இந்த மாதிரிப் பாதியில் நின்ற கட்டங்களை இங்கே அநாதைக் கட்டங்கள் என்பார்கள். துணி முழுக்கக் கோழித் தீவனம் வந்த சாக்கு. 1930-களில் பெண்கள் சாக்குத் துணியில் உடுப்பு தைக்கிறார்கள் என்று தெரிந்ததும் கம்பெனிகளே சாக்கில் பூப்போட்டு அச்சடித்து விற்றார்களாம். எனக்கு, நான் படித்த பள்ளிக்கூடத்தில் மதிய உணவுக்குக் கோதுமை ரவை வந்த மூட்டைத் துணியைக் கேட்டு வாங்கி எங்கள் அம்மா தலையணை உறை தைத்தது நினைவுக்கு வந்தது. எத்தனை துவைத்தும் அதிலிருந்த எழுத்து போகவில்லை.

கட்டங்களை இஞ்ச் டேப்பால் அளந்தேன். பன்னிரண்டரை இருக்க வேண்டும். ஒன்று 11⅞, ஒன்று 12⅝, மற்றவை இடையில் எங்கெங்கோ. ஒன்றோடு ஒன்று நேராகச் சேரவே சேராது. அந்த அம்மா ஏன் விட்டுவிட்டுப் போனார் என்று அப்போதே புரிந்தது. எல்லாவற்றையும் சின்னதின் அளவுக்கு வெட்டிவிடலாம் என்று கூட்டத்தில் ஒருவர் சொன்னார். வெட்டினால் முக்கோணத்தின் முனையெல்லாம் போய்விடும், மத்து மொட்டையாகிவிடும்.

மாப்பிள்ளையின் அலுவல் அறைச் சுவரில் வெள்ளை ஃபிளானல் துணி ஒன்றை ஆணி அடித்து மாட்டினேன். ஃபிளானலில் பருத்தித் துண்டு ஊசி இல்லாமலே ஒட்டிக்கொள்ளும். வேண்டியபடி எடுத்து மாற்றி மாற்றி வைக்கலாம். அவர் வீடியோ மீட்டிங்கில் பேசும்போதெல்லாம் பின்னால் மத்துகள் இடம் மாறிக்கொண்டே இருந்தன. மூன்றாம் வாரம் அவராகவே, “அத்தை, நேத்து வச்சது நல்லா இருந்துச்சு” என்றார். எந்த அடுக்கு கண்ணுக்கு நிற்கிறது என்று தெரிய ஒரு வழி, கைப்பேசியில் படம் எடுத்து நிறத்தை நீக்கிக் கறுப்பு வெள்ளையில் பார்ப்பது. நிறம் நம்மை ஏமாற்றும். வெளிச்சமும் இருட்டும் எங்கே விழுகின்றன என்பதுதான் அடுக்கு.

கடைசியில் ஒவ்வொரு கட்டத்தையும் சுற்றி வெள்ளைத் துணி கொடுத்தேன். இரண்டு பக்கம் 4 அங்குலம், இரண்டு பக்கம் 2 அங்குலம். அப்புறம் எல்லாவற்றையும் பதினைந்தரை அங்குலச் சதுரமாக வெட்டினேன். வித்தியாசம் முழுவதும் வெள்ளையில் மறைந்துவிட்டது. கட்டம் நடுவில் நிற்காமல் ஒரு மூலைக்கு ஒதுங்கியது. ஒன்றை அப்படியே, அடுத்ததைத் திருப்பி, அதற்கடுத்ததைத் தலைகீழாக வைத்தால் மத்துகள் தண்ணீரில் மிதப்பது போல முன்னும் பின்னுமாக நின்றன. அகலத்தில் நான்கு, நீளத்தில் ஐந்து, மொத்தம் 20 இடம். 11 இடத்தில் மத்து, 9 இடம் வெறும் வெள்ளை. 60-க்கு 75 அங்குலம். பார்க்கிறவர்கள் இதை “மாடர்ன்” என்கிறார்கள். மனம்போனபடி வைத்தது போலத்தான் இருக்கிறது. அதற்குப் பின்னால் ஒரு நாற்பது பக்க நோட்டு முழுக்கக் கணக்கு. பழைய மாதிரி வரிசையாகச் சேர்த்திருந்தால் ஒரு பக்கம்கூட ஆகியிருக்காது. ஒழுங்கான கட்டம் தானே வழி காட்டும். ஒழுங்கைக் கலைத்தால், கலைத்த ஒவ்வொரு இடத்துக்கும் நாம்தான் கணக்குச் சொல்ல வேண்டும்.

வெறும் வெள்ளை விட்டால் வேலை மிச்சம் என்றும் யாரும் நினைக்க வேண்டாம். பஞ்சு உள்ளே நகராமல் இருக்க அந்த வெள்ளையிலும் தைக்க வேண்டும். பூப்போட்ட துணியில் தையல் கோணினால் தெரியாது. வெள்ளையில் ஒரு தையல் நீண்டால்கூடக் காட்டிக்கொடுத்துவிடும். இரண்டு அங்குலத்துக்கு ஒரு வரி என்று கையாலேயே ஓட்டினேன். டிசம்பரில் தொடங்கி, முற்றத்துப் பனி உருகித் தண்ணீராகும் வரை ஆனது.

மூன்றாவது குயில்ட் எனக்கே எனக்கு. சின்னாளப்பட்டி சுங்குடிச் சேலை ஒன்று, அரக்குச் சிவப்பு, உடுத்திக் கிழிந்தது. அதையும் காடாத் துணியையும் வைத்து ஒரே ஒரு மத்து, 36 அங்குலத்தில். கீழே வலது மூலைக்குத் தள்ளி வைத்தேன். மீதி இடமெல்லாம் காடா. இதைச் சொல்வதற்குக் காரணம், கட்டத்தைப் பெரிதாக்குகிறவர்கள் முக்காலே மூணு வீசம் பேர் செய்யும் தப்பு ஒன்று. 12 அங்குலக் கட்டத்துக்கு 4⅞ என்றால், மூன்று மடங்குக்கு 14⅝ என்று பெருக்கிவிடுவார்கள். கூடாது. பெருக்க வேண்டியது 4 மட்டும். தையல் எப்போதும் கால் அங்குலம்தான், கட்டம் பெரிதானால் அது பெரிதாகாது. 12 அங்குலத்தோடு அதே ⅞-ஐக் கூட்டி 12⅞. நடுச் சதுரம் பன்னிரண்டரை. பக்கத்துத் துண்டுகள் ஆறரைக்குப் பன்னிரண்டரை. உங்கள் கட்டுரையில் “பெரிதாக வேண்டுமானால் எல்லா அளவையும் பெருக்கிக்கொள்ளலாம்” என்ற வரி இருக்கிறது. அடுத்த வாரம் திருத்தம் போடும்போது தயவுசெய்து இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

டின்னில் இருந்தது 12 கட்டம், வைத்தது 11. அந்தப் பன்னிரண்டாவதில் ஒரு மூலை முக்கோணம் திரும்பித் தைக்கப்பட்டிருந்தது. அடர் நிறம் வர வேண்டிய இடத்தில் வெளிர். எனக்குக் கை துறுதுறுத்தது. பிரித்துத் திருப்பித் தைக்க இருபது நிமிஷம் போதும், செய்து தரட்டுமா என்று பாட்டியிடம் கேட்டேன். வேண்டாம் என்று தலையாட்டினார். அதனால் அதைக் குயில்ட்டின் அடித்துணியில், தலைமாட்டுப் பக்கம் வைத்துத் தைத்துவிட்டேன். மேலே தெரியாது, பெட்டியிலும் கிடக்காது.

போன மாதம் அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். படுக்கையில் குயில்ட் விரித்திருந்தது. கணக்குப் போட்டு மிதக்கவிட்ட 11 மத்தும் மெத்தையைப் பார்த்துக்கொண்டிருந்தன. அடிப்பக்கம் மேலே இருந்தது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தையல் ஆசிரியை,
பாளையங்கோட்டை
(இப்போது லிங்கன், நெப்ராஸ்கா)